மேடைக்கு ஒரு டீச்சர், டி.வி.க்கு ஒரு டீச்சர்

பவுலின் டீச்சருக்கு மைக் வேண்டாம் என்பது ஆழ்வார்குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் 'லெஃப்ட்' என்று குரல் கொடுத்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடும் இடது காலைத் தூக்கும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். வள்ளியூருக்குக் கிழக்கே தோமையார்துறை என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். கரையில் நின்றபடியே படகில் இருப்பவரோடு பேசிப் பழகிய குடும்பம். உடற்பயிற்சி ஆசிரியையாக வேலை கிடைத்து ஆழ்வார்குறிச்சிக்கு வந்த இடத்தில், ஆண்டு விழாவுக்கு மைக் செட் போட வந்த ஜேக்கப்பைப் பார்த்தார். "ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் மைக்கு, எனக்குல்லா பொழப்பு போவுது" என்பதுதான் ஜேக்கப் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அந்த ஆண்டு முடிவதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது.

அரசியலுக்கு அவர் வந்தது ஒரு கால்பந்தாட்டத்தால். பெண் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்தில் பாதியை வெட்டிக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, டீச்சர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மர நாற்காலியின் மேல் ஏறி நின்று பேசினார். கூட்டம் கூடிப் பேருந்துகள் நின்றன. பேருந்தில் இருந்தவர்களும் இறங்கி வந்து கேட்டார்கள். கடை கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பிறகு கூட்டணியில் இருந்த ஒரு சிறிய கட்சி அவரை விடவில்லை. முதலில் மேடைகளில் பேசக் கூப்பிட்டார்கள். டீச்சர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் பேசினார். சட்டமன்றத் தேர்தல் வந்ததும் தொகுதியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். சின்னம் அடிபம்பு.

பிரச்சாரம் என்பது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று டீச்சர் நினைத்ததே இல்லை. காலையில் வேனில் ஏறினால் பாபநாசம் மலையடிவாரம் வரைக்கும் போகிற வழியெல்லாம் ஆரத்தித் தட்டுகள். பழைய மாணவிகள் இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்து, "டீச்சர், என்னைய ஞாபகம் இருக்கா, நான் ஹை ஜம்ப்பு" என்பார்கள். டீச்சர் கேள்வி கேட்பார், கூட்டம் பதில் சொல்லும். வலது கையை அடிபம்பின் பிடிபோல மேலும் கீழும் ஆட்டினால் கூட்டமும் சேர்ந்து ஆட்டும். வயசாளிகள் தோள் வலிக்க ஆட்டுவதைப் பார்த்து, "மொதல்ல வார்ம் அப் பண்ணுங்க தாத்தா" என்று அதட்டுவார். சிரிப்பு அடங்க நேரம் ஆகும்.

தண்ணீர் விஷயம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. மலையடிவாரத்துக்குக் கீழே ஒரு கிராமத்தில் இசக்கிமுருகன் என்னும் வாழை விவசாயி கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, "அணை நம்ம தலைமாட்டுல இருக்கு, கார் பட்டத்து நடவுக்குத் தண்ணிய காணும். எங்கதான் போவுது டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் யோசிக்காமல், "இனிமே எங்கயும் போவாது" என்றார். பலத்த கைதட்டல். அடுத்த ஊரில் அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார். கைதட்டல் இன்னும் கூடியது. மூன்றாவது ஊருக்குப் போகும்போது அது, "இந்த ஆத்துத் தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய போவாது. தண்ணி யாருக்கு?" என்று வளர்ந்திருந்தது. "நமக்கு" என்று ஊரே கத்தியது. பேச்சை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கைதட்டல்தான் எழுதிக் கொடுத்தது.

இந்த நேரத்தில்தான் கட்சியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஸமீஹா வந்து சேர்ந்தாள். மேலப்பாளையத்துப் பெண். சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் செய்தி வாசித்துவிட்டு, இப்போது வேட்பாளர்களுக்கு டி.வி.யில் பேசச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். அவளை அனுப்பக் காரணம், டீச்சரின் முதல் தொலைக்காட்சி விவாதம் முடிந்த விதம்.

திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோ. குளிரூட்டிய அறை, மூன்று கேமரா, எதிரே நெறியாளர், பக்கத்தில் எதிர் வேட்பாளர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. டீச்சர் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். "நான் சொல்லுதது சரியா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பதிலுக்காகக் காத்திருந்தார். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. பதில் வராததால் இன்னும் உரக்க ஒரு தடவை கேட்டார். நெறியாளர் பயந்துபோய், "சரிதாங்க" என்றார். கடைசியில் அடிபம்பு அடித்தபோது முழங்கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. ஐயம்பெருமாள் அண்ணாச்சி தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்தபடியே கேமராவைப் பார்த்து அழகாகப் புன்னகை செய்தார். வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் புன்னகை மிகவும் பிடித்துப்போயிற்று.

அண்ணாச்சி அதில் கெட்டிக்காரர். இரண்டு தடவை எம்.எல்.ஏ. ஆனவர். டி.வி.யில் அவர் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். ஆனால் மேடை ஏறினால் பேச்சு ஓடாது. தாளைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்.

ஸமீஹா டீச்சர் வீட்டுச் சமையலறையில் வைத்தே பாடத்தைத் தொடங்கினாள். அரிசி டப்பாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, "இதுதான் கேமரா மேடம். இதுக்குள்ள கூட்டம் இல்ல, ஒரே ஒரு ஆளுதான். அதுவும் சோறு சாப்பிட்டுக்கிட்டே பாக்குற ஆளு. சத்தம் போட்டீங்கன்னா ரிமோட்டை எடுத்துருவாங்க" என்றாள்.

"ஒத்த ஆளுகிட்ட எப்படிப் பேசுதது?"

"வீட்டுல சார்கிட்ட எப்படிப் பேசுறீங்க?"

வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்த ஜேக்கப் தலையை நீட்டினார். "எங்கிட்டயும் இப்படித்தாம்மா பேசுதா. அதான் தெருவுக்கே தெரியுது, எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு."

ஸமீஹா வாய்விட்டுச் சிரித்தாள். சென்னைத் தமிழ் கழன்று போய், "நல்லா மாட்டுனேன் இங்கன" என்று வந்தது. அன்றிலிருந்து 'மேடம்' போய் 'டீச்சர்' ஆயிற்று.

டீச்சர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவர். குரலைத் தணித்தார். கையை மடியில் கட்டிக்கொண்டார். சொல்ல வேண்டியதையும் ஸமீஹாவே எழுதிக் கொடுத்தாள். டி.வி.யைத் தென் மாவட்டங்கள் முழுக்கப் பார்ப்பார்கள். தூத்துக்குடிக்காரர் பார்ப்பார், கூட்டணித் தலைவர்கள் பார்ப்பார்கள். அதனால் அடுத்த விவாதத்தில் டீச்சர் மெல்லிய குரலில், "தாமிரபரணி எல்லோருக்கும் பொதுவான நதி. பகிர்ந்துகொள்வதில் ஒரு சமநிலை வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு" என்றார். சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. நெறியாளரே கைகொடுத்தார்.

ஆழ்வார்குறிச்சி டீக்கடையில் மட்டும் அபிப்பிராயம் வேறாக இருந்தது. "டீச்சருக்கு ஒடம்பு சரியில்லியோ? லோன் கெடையாதுன்னு சொல்லுத பேங்க் மேனேஜர் மாரில்லா பேசுனாவ" என்றார்கள்.

டீச்சருக்கு அது ஒரு விளையாட்டுப் போலவே இருந்தது. கபடிக்கு ஒரு விதி, கால்பந்துக்கு ஒரு விதி. மேடைக்கு வருகிறவர்கள் விவாதம் பார்க்க மாட்டார்கள், விவாதம் பார்க்கிறவர்கள் வேகாத வெயிலில் மேடைக்கு வர மாட்டார்கள். காலையில் "ஒரு சொட்டு போவாது." மாலையில் "எல்லோருக்கும் பொது." இரண்டுக்கும் நடுவில் புடவை மாற்ற நேரம் இருந்தது. அது போதும் என்று நினைத்தார்.

ஆனால் யாரோ ஒருவர் இரண்டையும் பார்த்திருந்தார். பார்த்ததோடு நிற்காமல், இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மேலே 'எந்த டீச்சருக்கு ஓட்டு?' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். இடது பக்க டீச்சர் கையை ஆட்டிக் கர்ஜித்தார். வலது பக்க டீச்சர் மடியில் கைகட்டி முணுமுணுத்தார். ஒரே நாளில் அது தொகுதியைச் சுற்றி, மாவட்டத்தைத் தாண்டி, தோமையார்துறைக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை தங்கை ஃபிளோரா கூப்பிட்டாள். அக்காவைப் போலவே குரல். ஸ்பீக்கர் போடாமலே ஜேக்கப்புக்கும் ஸமீஹாவுக்கும் கேட்டது.

"அக்கா, ஒரு சொட்டுகூட வெளிய விடமாட்டியாமே?"

"அது சும்மா, மேடைக்குச் சொன்னதுட்டி."

"சும்மாவா? எங்க குசினியில பைப்பத் தொறந்தா வருதே, அது எந்த ஆத்துத் தண்ணி? இந்தா, இப்பதான் ஒல வச்சிருக்கேன். எறக்கிரவா?"

ஃபிளோரா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் டீச்சருக்கு ஊர்க் கிணறுதான் ஞாபகம் வந்தது. தோமையார்துறைக் கிணறுகளில் உப்புத்தான் ஊறும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்க ஓடியவர் அவர். தாமிரபரணியிலிருந்து குழாய் வந்த அன்று அந்த ஊரில் தேவாலயத்தில் பூசை வைத்து, வெடி போட்டு, கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கை வெட்டியது ஃபிளோராதான். ஆனால் அந்த ஊர் இந்தத் தொகுதியில் இல்லை. அங்கே இவருக்கு ஒரு ஓட்டும் கிடையாது.

"ஒனக்கு ஓட்டுப் போட முடியலியேன்னு இங்க எல்லாருக்கும் வருத்தம்" என்றாள் ஃபிளோரா. "இப்ப அந்த வருத்தம் போயிட்டு. வச்சிருதேன், ஒல கொதிக்கு."

போனை வைத்ததும் ஜேக்கப் ஆறுதல் சொல்ல வந்தார். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே ஆளோட குரலச் செஞ்சிருதாவளாம். அது நீ இல்ல, கம்ப்யூட்டர்னு சொல்லிருவோம்."

ஸமீஹா தலையைக் குனிந்துகொண்டு, "ஆபீஸ்லயும் அதத்தான் டீச்சர் சொல்லச் சொல்லுதாவ" என்றாள்.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங் குரல எந்தக் கம்ப்யூட்டர் செய்யும்? வரச்சொல்லு பாப்போம்" என்றார். அது நேர்மையால் வந்த கோபமா, குரலைப் பற்றிய பெருமையால் வந்த கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. எப்படியோ, அந்த யோசனை அதோடு நின்றது.

அந்த வாரமே நேரலை நிகழ்ச்சி ஒன்று இருந்தது. வேட்பாளர்களை மக்கள் நடுவில் உட்காரவைத்து, அங்கிருந்தே ஒளிபரப்புவது. இடம், பாபநாசத்துக்குக் கீழே இசக்கிமுருகனின் ஊர். ஆற்றங்கரையில் மருத மரங்களுக்கு அடியில் மேடை. மாலை வெயில் தணிந்த நேரம்.

"இதுதான் டீச்சர் எனக்குப் பயம்" என்றாள் ஸமீஹா, காரில் போகும்போது. "இதுல கூட்டமும் இருக்கு, கேமராவும் இருக்கு. எந்தக் குரல்ல பேசுவிய?"

"நீ சொல்லு."

"தெரியலியே."

மைக் செட் ஜேக்கப்புடையது. ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் கூட்டங்களுக்கும் அவர்தான் போடுவார். தொழில் வேறு, வீடு வேறு என்பது ஜேக்கப்பின் கொள்கை. அண்ணாச்சிக்கும் அதில் நம்பிக்கை உண்டு. மேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் தங்கள் வண்டியிலிருந்து இழுத்துவந்த சின்ன மைக்கை இருவரின் நெஞ்சிலும் மாட்டினார்கள். கூட்டத்துக்கு ஜேக்கப்பின் பெரிய ஸ்பீக்கர்கள்.

நெறியாளர் முதல் வேலையாக அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார். வலது பக்க டீச்சரின் மெல்லிய குரலைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்ட இசக்கிமுருகனின் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "இது யாரு, டீச்சரோட அக்காவா?" என்று ஒரு குரல் கேட்டது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது.

"இதில் எது உண்மையான பவுலின் டீச்சர்?" என்றார் நெறியாளர்.

டீச்சர் வாயைத் திறந்த அதே நேரத்தில் ஜெனரேட்டர் இருமியது. இரண்டு தடவை புகையைக் கக்கிவிட்டு நின்றுபோயிற்று. திரை அணைந்தது. ஸ்பீக்கர்கள் ஊமையாயின. "சொந்தப் பெண்டாட்டி பேசுதப்ப அணைச்சிட்டாரே வே" என்று யாரோ சொல்ல, ஜேக்கப் தலையில் அடித்துக்கொண்டு ஜெனரேட்டரை நோக்கி ஓடினார்.

தொலைக்காட்சி வண்டிக்கு மட்டும் தனி மின்சாரம் இருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நெறியாளர் குனிந்து, "நேரலை போயிட்டிருக்கு, நிறுத்த முடியாது. நீங்க பேசுங்க, வீட்ல எல்லாருக்கும் கேக்குது" என்று கிசுகிசுத்தார்.

டீச்சர் சிவப்பு விளக்கையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு வசதி எந்த வேட்பாளருக்கும் கிடைத்திருக்காது. இப்போது மெல்லப் பேசினால் ஊர் உலகத்துக்குக் கேட்கும், எதிரே இருக்கிற இந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு சொல்லும் கேட்காது. நதி பொது என்று கேமராவிடம் சொல்லிவிடலாம். ஃபிளோரா கேட்டுக்கொள்வாள், சென்னை கேட்டுக்கொள்ளும். கரண்ட் வந்தபிறகு கூட்டத்துக்கு வேண்டியதைக் கூட்டத்திடம் சொல்லலாம். அவர் தொடங்கவும் செய்தார். மடியில் கைகட்டி, கேமராவைப் பார்த்து, "தாமிரபரணி என்பது" என்றார்.

கூட்டம் முழுக்கக் காதைக் கையால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. சிறிசும் பெரிசுமாக எல்லோரும் அப்படிச் சாய்ந்ததைப் பார்த்ததும் டீச்சர் மடியில் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டார். முதல் வரிசையில் இருந்த இசக்கிமுருகன், "என்ன சொல்லுதிய டீச்சர், எங்களுக்குக் கேக்கல. ரகசியமா?" என்றார்.

டீச்சர் எழுந்தார். நெஞ்சில் இருந்த சின்ன மைக்கைப் பிடுங்கி, செத்த கரப்பானைத் தூக்கிப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, தன் குரலில் அது அலறாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் எட்டிய மட்டும் நீட்டிக்கொண்டார். அப்படியே படி இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தார். கேமராக்காரர் வயரைத் தாண்டித் தாண்டிப் பின்னால் ஓடினார்.

"இப்ப கேக்கா?"

மருத மரத்தில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. கூட்டம், "கேக்கு" என்றது. வண்டிக்குள் இருந்த ஒலிப்பதிவாளர் கதவைத் திறந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அங்கேயும் சரியாகக் கேட்டது.

"அந்த ரெண்டும் நான்தான்" என்றார் டீச்சர். "கம்ப்யூட்டர் ஒண்ணும் செய்யல. ஒங்க ஊர்லதான் மொதல்ல சொன்னேன், தண்ணி எங்கயும் போவாதுன்னு. நீங்க கை தட்டுனிய. எனக்கு ருசியா இருந்துச்சு. அடுத்த ஊர்ல கொஞ்சம் கூடச் சொன்னேன். டி.வி.யில போயி வேற மாரிச் சொன்னேன். அங்கன அதுக்கு மதிப்பு."

டீச்சர் கூட்டத்துக்குள் இன்னும் இரண்டு எட்டு நடந்தார்.

"நான் கடக்கரைக்காரி. எங்க ஊரு கெணத்துல உப்புத்தான் கெடக்கும். எந் தங்கச்சி ஃபிளோரா அங்கன இருக்கா. அவ ஒல வைக்கது இந்த ஆத்துத் தண்ணியில. இப்பவும் டி.வி.யில என்னைய பாத்துக்கிட்டு இருக்கா. அவ கொடத்த நான் கவுக்க மாட்டேன். தண்ணி கொறஞ்ச வருசம் வந்தா மொதல்ல கொடம், அப்புறந்தான் வயலு. இத இங்கனயும் சொல்லுதேன், டி.வி.க்கும் சொல்லுதேன்."

"அப்ப எங்க கார் பட்டம்?" என்றார் இசக்கிமுருகன். குரலில் சூடு இருந்தது.

"ஒங்க வயலுக்குத் தண்ணி வராதது ஃபிளோரா குடிச்சதால இல்ல அண்ணாச்சி. ஒங்களுக்கே தெரியும். மடைப் பலகை ஒடைஞ்சு கெடக்கு, கால்வாயில ஆகாயத்தாமரை மொளச்சு மெத்த மாரிக் கெடக்கு. விடுத தண்ணி கடைசி வயலுக்குப் போவாம ஆத்துக்கே திரும்பிருது. அதச் சரிபண்ண என்னால முடியும். நான் வந்து நிப்பேன். எந்தத் தேதிக்குள்ளன்னு கேக்காதிய, தேதி சொன்னா அது பொய்யி." டீச்சர் மூச்சு வாங்கினார். "இதுக்குக் கை தட்டாண்டாம். வீட்டுல போயி யோசிச்சு ஓட்டுப் போடுங்க."

சொன்னபடியே யாரும் கை தட்டவில்லை. மேடையேறிய நாளிலிருந்து டீச்சருக்கு அது முதல் தடவை. தோற்றுவிட்டோம் என்று நினைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், நெஞ்சு லேசாக இருந்தது. ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தாண்டியபிறகு வருமே, அப்படி.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஆபிதா பீவி எழுந்தார். அந்த ஊர்ச் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருப்பவர். "டீச்சர், ஒங்க தங்கச்சி இப்ப பாக்குதாவளா?"

"பாக்குதா."

"எது வழியா?"

டீச்சர் கேமராவைக் காட்டினார். ஆபிதா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேமராவுக்கு மிக அருகில் வந்து, அதன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "ஃபிளோராம்மா, சொகமா இருக்கியளா? ஒலையில என்ன போட்டிய? எங்க டீச்சர ரொம்ப ஏசாதிய" என்றார்.

கூட்டம் ஒரேயடியாகச் சிரித்தது. அடுத்த நிமிடம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குசினியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தபிறகு, அதைச் சும்மா விட யாருக்கும் மனம் வரவில்லை. "ஃபிளோராக்கா" என்று பிள்ளைகள் கையசைத்தார்கள். ஒருவர் வாழைத்தாரைத் தோளில் வைத்துக் காட்டினார். இசக்கிமுருகனும் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைக் கடுமையாகவே வைத்தபடி, "தண்ணிய பைய செலவழிங்கம்மா, அம்புட்டுதான் நான் சொல்லுதது" என்றார். நெறியாளர் நிகழ்ச்சியைத் திருப்பப் பார்த்து, முடியாமல், அவரும் சிரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஜேக்கப்பின் ஜெனரேட்டர் உயிர்த்தது. ஸ்பீக்கரில் கல்யாண வீட்டுக்குப் போட்டு மிச்சம் இருந்த நாதஸ்வரம் கெட்டிமேளத்தோடு முழங்கியது. ஜேக்கப் அதை நிறுத்தப் பாய்ந்து வயர் தடுக்கி உட்கார்ந்தார். நேரலையில் அதுவும் போயிற்று.

ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் முறை வந்தது. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தானும் படி இறங்கினார். "கொடம் மொதல்லன்னு டீச்சர் சொன்னத நான் மறுக்க மாட்டேன்" என்றார். "மடைப் பலகை ஒடைஞ்சது என் காலத்துலதான். அத நான் டி.வி.யில சொன்னதில்ல." அவ்வளவு சின்னக் குரலில் அவர் சொன்னதை, மைக் இருந்தும், கூட்டம் காதைக் குவித்துக் கேட்டது. இதற்குத்தான் அன்றைக்கு முதல் கைதட்டல் விழுந்தது. டீச்சரும் தட்டினார். பக்கத்தில் நின்ற ஸமீஹா, "டீச்சர், அவரு எதிர்க்கட்சி" என்று முழங்கையால் இடித்தாள். "இருக்கட்டும்ட்டி" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வரும்போது ஃபிளோராவின் போன் வந்தது. பேச ஆரம்பித்தவள் பேச முடியாமல் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடியும் அழுதாள். "தெருவே எங்க வீட்டுல கெடக்கு அக்கா. அந்த முக்காடு போட்ட அம்மா பேரு என்ன? ஒலையில என்ன போட்டேன்னு கேட்டாவளே. சோறுதான், வேற என்னத்தப் போடுவேன், சொல்லிரு அவியகிட்ட" என்றாள்.

தேர்தல் முடிவு வந்தபோது டீச்சர் ஜெயித்திருந்தார். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. கடைசிச் சுற்று வரைக்கும் ஜேக்கப் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தபோது, இசக்கிமுருகனின் ஊரில் மட்டும் அண்ணாச்சிக்கே அதிகம் விழுந்திருந்தது. கட்சிக்காரர்களுக்கு அதில் மனத்தாங்கல். டீச்சருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. யோசித்துப் போடச் சொன்னார், அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

மறுநாள் அந்த ஊரிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. இசக்கிமுருகன் ஒரு முழு வாழைத்தாரோடு இறங்கினார். "டீச்சர், மறைக்காமச் சொல்லுதேன். நான் ஒங்களுக்குப் போடல" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி."

"ஆனா மடைப் பலகைக்கு நீங்க வந்து நிக்கணும்."

"வருவேன்."

"வாரப்ப ஒங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுல பாக்கணும்னு சொல்லுதாவ. டி.வி.யில கைய காட்டுனதோட சரி, பதிலுக்கு அவிய முகத்த நாங்க பாக்கலல்லா."

ஜூன் மாதம் கார் சாகுபடிக்கு அணை திறந்தார்கள். மலையில் மழை பெய்து ஆறு நிரம்பி வந்தது. மடைப் பலகைகளில் பாதி மாற்றியாகிவிட்டது, மீதிக்கு டீச்சர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஆகாயத்தாமரை எடுக்கும் வேலையை ஐயம்பெருமாள் அண்ணாச்சி தன் ஆட்களை வைத்துத் தொடங்கியிருந்தார். கேட்டதற்கு, நடைப்பயிற்சிக்கு வந்த இடத்தில் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்னாராம்.

அணை திறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, தோமையார்துறையிலிருந்து ஒரு வேன் பாபநாசம் வந்து சேர்ந்தது. ஃபிளோராவும் அவள் தெருப் பெண்களும் பிள்ளைகளும் கூடை நிறைய மீனோடு இறங்கினார்கள். ஆபிதா பீவி காய்கறியோடு காத்திருந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநாள் பழகியவர்கள்போல, மீனுக்கு மாங்காய் போடுவதா புளி விடுவதா என்று உடனே சண்டை பிடித்தார்கள். ஜேக்கப் அடுப்பு மூட்டினார். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஸமீஹா வெங்காயம் உரித்தாள்.

கடலிலேயே வளர்ந்த பெண்களுக்கு ஓடுகிற நல்ல தண்ணீர் புதிது. படித்துறையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "எல்லாம் குடிக்கத் தண்ணியாக்கா?" என்று ஃபிளோரா மெல்லக் கேட்டாள். டீச்சர் தலையாட்டினார்.

"அங்கன இழுப்பு சாஸ்தி, இங்கன எறங்குங்க" என்று இசக்கிமுருகன் இடம் காட்டினார். ஃபிளோரா படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளி அக்காவின் முகத்தில் அடித்தாள். எம்.எல்.ஏ. பவுலின் டீச்சர் புதுப் புடவையோடு தங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தார்.